கடல் தாண்டி வந்த துள்ளிசை

திருவாரூரில் இசையைப் பற்றிப் பேசினால் பேச்சு மும்மூர்த்திகளில்தான் தொடங்கும். மூவரும் பிறந்த மண், தொடங்கட்டும். ஆனால் இதே ஊரின் டீக்கடைகளில் இலங்கை வானொலி கொடிகட்டிப் பறந்த காலமும் உண்டு. கோடியக்கரைக்கு எதிர்க்கரைதானே யாழ்ப்பாணம். அந்த வானொலி வழியே நம் காதில் விழுந்த குறும்புக்கார இசை ஒன்றைப் பற்றிச் சொல்ல வந்தேன். ஈழத்தில் அதைப் பொப்பிசை என்பார்கள். துள்ளிசை என்றும் சொல்வதுண்டு.

1960களின் பிற்பாதியில், இலங்கையின் அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரி மாணவரான நித்தி கனகரத்தினம் நண்பர்கள் நடுவே பாட்டுக் கட்டிப் பாடினார். சிங்களவர்களின் பைலா அப்போது நாடெங்கும் ஒலித்தது. போர்த்துக்கீசியரும் ஆப்பிரிக்கக் காப்பிரியரும் அந்தத் தீவில் விட்டுச்சென்ற ஆட்டத் தாளம் அது. நம் கணக்கில் திஸ்ர நடை. அந்தத் தாளத்தில் யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சை ஏற்றினார் நித்தி. ‘சின்ன மாமியே’ பிறந்தது.

அதில் என்ன இருக்கிறது? மாமியிடம் அவள் மகளைப் பற்றி விசாரிக்கிறான் ஒருவன். மாமி பதில் சொல்கிறாள். அவ்வளவுதான். ஆனால் மரியாதையான விசாரிப்புக்குள் ஒளிந்திருக்கும் சேட்டை இருக்கிறதே, நம் வீட்டு நலங்கில் சம்பந்தியைக் கேலி செய்து பெண்கள் பாடுவார்களே, அதே ரத்தம். கள்ளுக்கடைப் பக்கம் போக வேண்டாமென்று கெஞ்சும் பாட்டையும் அவர் ஆடவைக்கும் தாளத்தில்தான் தந்தார். புத்திமதியை உபதேசமாகச் சொன்னால் யார் கேட்பார்கள்? கூடவே பாடவைத்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் அயர்லாந்தில் ‘டப்ளினர்ஸ்’ குழுவும் இப்படித்தான் கேட்பவர்களைக் கூடவே பாடவைத்தது. 1962இல் டப்ளின் நகரத்து மதுக்கடை ஒன்றில் கூடிப் பாடத் தொடங்கியவர்கள். குடிகாரக் கணவனைப் பற்றி அவர்கள் பாடிய பழைய நாட்டுப்பாடலை 1967இல் அந்நாட்டு அரசு வானொலி ஒலிபரப்ப மறுத்தது. கடலில் கப்பலிலிருந்து ஒலித்த தனியார் வானொலி அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது.

இதெல்லாம் சங்கீதமா என்று கேட்பவர்களுக்கு நம்மூர்க்காரரையே சாட்சிக்கு அழைக்கிறேன். முத்துசுவாமி தீட்சிதர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறோம். பெரிய காதுகள் எந்த மெட்டையும் தள்ளிவைத்ததில்லை.

பாடகர் ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’ பாட்டோடு தமிழ்நாட்டு மேடைகளுக்கு வந்தபோது இந்த இசை இன்னும் பெரிய கூட்டத்தைச் சேர்த்தது. அவர் குரலில் இருந்த உற்சாகத்துக்கு நான் அடிமை. ஆனாலும் பின்னால் வந்த பலர் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டார்கள். வாத்தியங்கள் பெருகின, சொல் அமுங்கியது. நித்தியின் ஆரம்பகாலப் பாட்டுகளில் ஒவ்வொரு சொல்லும் காதில் விழும். முதல்முறை கேட்பவரும் இரண்டாம் சுற்றில் சேர்ந்து பாடிவிடலாம். அந்த எளிமை லேசில் வராது.

இப்போது ‘சின்ன மாமியே’ பாட்டையே ஒலிபரப்பப் போகிறோம். மாமி பதில் சொல்லும் இடத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.