கைக்கருவியும் மெமரி கார்டும்

(பதுளையில் மன்ற உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

நாம் இன்று பேசப் புகுந்த பொருளின் பெயரைத் தலைவர் வாசித்தபோது முன்வரிசைப் பெரியோர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்முறுவல் செய்ததைக் கண்டோம். திருமுறைகளைப் பற்றியும் கதிர்காம யாத்திரையைப் பற்றியும் பேசுகின்ற மேடையில், பிள்ளைகள் கையில் வைத்து விளையாடும் கருவிக்குள் செருகும் நகத்தளவு அட்டைக்கு ஒரு பேச்சா என்று அவர்கள் எண்ணுவது நியாயமே. ஆயினும் இந்த அட்டையினால் நம் மன்றம் ஒரு பெரும் பொருளை இழந்தது. அதனைப் பேச்சின் பிற்பகுதியில் சொல்வோம். சற்றுப் பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறோம்.

முதலிலே இக்கருவிகள் எவை என்று தெரிந்துகொள்வோம். 1989ஆம் ஆண்டிலே ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனம் ‘கேம் போய்’ என்ற கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதிலே ஒவ்வொரு விளையாட்டும் ஒரு தனிப் பேழையாக வந்தது. விளையாடியவன் எட்டிய இடத்தைக் காத்து வைக்கப் பல பேழைகளுக்குள் ஒரு சிறு மின்கலம் இருந்தது. அந்த மின்கலம் தீர்ந்தால் காத்து வைத்ததும் போய்விடும். நம் ஊருக்கு அக்கருவி அதிகம் வரவில்லை. தொண்ணூறுகளில் கடைத்தெருவிலே கிடைத்தது கட்டைகள் விழும் ‘பிரிக் கேம்’ தான். அதன் மேலே 9999 விளையாட்டுகள் என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பவற்றைக் கைவிரல் விட்டே எண்ணிவிடலாம். இந்த 9999 என்ற எண்ணைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னர் அதற்கு வருவோம்.

2004ஆம் ஆண்டு இறுதியில் சோனி நிறுவனத்தின் பி.எஸ்.பி. வந்தது. அதற்கென ‘மெமரி ஸ்டிக்’ என்ற தனி அட்டை. ஆரம்பத்தில் சில பெட்டிகளோடு கொடுத்த அட்டையின் கொள்ளளவு 32 எம்.பி. மாத்திரம். இன்று ஒரு கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் பத்தைக்கூட அதில் அடக்குவது அரிது. அதன் தம்பியாகிய வீட்டா 2011இல் ஜப்பானில் வெளிவந்தபோது, வேறெந்தக் கருவிக்கும் பொருந்தாத ஓர் அட்டையை அதற்கெனச் செய்து, சந்தையில் கிடைத்த சாதாரண அட்டைகளிலும் பார்க்க மிகுந்த விலைக்கு விற்றார்கள். தோட்டத்து மனிதர்க்கு இது விளங்காத சங்கதியன்று. சாமான் வாங்க ஒரே ஒரு கடைதான் என்றால் அந்தக் கடைக்காரன் சொன்னதே விலை!

2017இல் வந்த நின்டெண்டோ சுவிட்ச் அப்படிச் செய்யவில்லை. கைத்தொலைபேசியில் போடும் சாதாரண மைக்ரோ எஸ்.டி. கார்டே அதற்குப் போதும். 2022இல் வந்த ஸ்டீம் டெக்கும் அவ்வாறே. ஆகவேதான் இக்கருவிகள் வந்தபின் பதுளைக் கடைகளில் விற்கும் கார்டு நம் பிள்ளைகளுக்கும் பயன்படலாயிற்று.

கார்டு ஏன் வேண்டும்? சுவிட்ச் கருவியின் முதற் பதிப்பிலே உள்ளிருக்கும் இடம் 32 ஜி.பி. கருவி தன் சொந்தக் காரியத்துக்கு எடுத்தது போக நமக்கு மிஞ்சுவது 26 ஜி.பி. அளவே. ‘செல்டா’ வரிசையிலே அவ்வாண்டு வந்த பேர்பெற்ற விளையாட்டு ஒன்றே 13, 14 ஜி.பி. பிடிக்கும். இரண்டாவது விளையாட்டை இறக்குமுன் முதலாவதை அழிக்க வேண்டிய நிலை வந்துவிடும். கொழும்பிலே இருப்பவனுக்கு இது பெரிய காரியமல்ல. அழித்ததை நாளைக்கு மீண்டும் இறக்கிக்கொள்வான். மடுல்சீமையிலும் நமுனுகுலைப் பக்கத்திலும் மலை மறைத்த லயங்களில் இருப்பவன் என்ன செய்வான்? அங்கே ஒரு குறுஞ்செய்தி போவதற்கே மேட்டிலே ஏறி நிற்க வேண்டிய இடங்கள் உண்டு. நகரத்துக்கு வந்த நாளில், நல்ல இணைப்புள்ள இடத்தில் இருந்து, வேண்டியதை ஒரே தடவையில் இறக்கிக் கார்டிலே சேர்த்துக்கொண்டு பஸ் ஏறுவதுதான் அவனுக்கு வழி. ஆதலால் மெமரி கார்டு பட்டணத்தானுக்குச் சௌகரியம். நமக்கு அது அரிசிப் பெட்டி.

இனி, அந்த நகத்தளவு அட்டைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பதினைந்து மில்லிமீற்றர் நீளம், பதினொரு மில்லிமீற்றர் அகலம், ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. நிறை அரைக் கிராம் கூட இல்லை. உள்ளே சிலிக்கனில் செய்த கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள். ஒவ்வோர் அறையிலும் இலத்திரன்களை அடைத்து வைப்பதும் வெளியேற்றுவதும்தான் எழுதுவதும் அழிப்பதும். மின்சாரம் நின்றபின்னும் அடைபட்ட இலத்திரன்கள் அங்கேயே இருக்கின்றன. அதனால் நினைவு நிலைக்கிறது. இந்த வித்தையைக் கண்டவர் தோஷிபா நிறுவனத்திலே பணிபுரிந்த பூஜியோ மசுவோகா என்ற ஜப்பானியப் பொறியியலாளர். 1984இலும் 1987இலும் இதன் இரு வகைகளை உலகுக்கு எடுத்துக் காட்டினார். ஒரு பகுதி முழுவதும் கண்ணிமைக்கும் நேரத்தில் அழிவது புகைப்படக் கருவியின் மின்வெட்டைப் போன்றிருப்பதால், உடன் வேலைசெய்த ஒருவர் இதற்கு ‘ஃபிளாஷ்’ என்று பெயர் சொன்னாராம்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. நம் ஊர் வழக்கிலே சொன்னால் எளிதில் விளங்கும். எழுதும்போது சிறு சிறு துண்டாக எழுதலாம். அழிக்கும்போது தனித்தனி அறையாக அழிக்க இயலாது, ஒரு பெரும் பாத்தியையே சேர்த்து அழிக்க வேண்டும். கொழுந்தைச் செடி செடியாகக் கிள்ளுகிறோம். கவ்வாத்து என்று வந்துவிட்டால் மலையையே வெட்டுகிறோம் அல்லவா? அதுபோல. எத்தனையோ தடவை கவ்வாத்துப் பட்ட செடி ஒரு நாள் துளிர்க்காமற் போவதுபோல, இந்த அறைகளுக்கும் அழித்து எழுதும் தடவைகளுக்கு ஓர் எல்லை உண்டு. விளையாட்டை ஒரு முறை எழுதிப் பல முறை படிப்பதால் அந்த எல்லை நம்மைச் சீக்கிரம் எட்டாது. ஆனால் வருடக்கணக்கில் மின்சாரமே படாமல் அலுமாரியில் கிடக்கும் கார்டிலிருந்து இலத்திரன்கள் சிறிது சிறிதாகக் கசியும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

1999இல் பனசோனிக், சான்டிஸ்க், தோஷிபா மூவரும் சேர்ந்து எஸ்.டி. கார்டை உருவாக்கினார்கள். சான்டிஸ்க்கைத் தொடங்கிய மூவரில் ஒருவர் கான்பூரிலே பிறந்த சஞ்சய் மெஹ்ரோத்ரா என்பது இளைஞர்கள் குறித்துக்கொள்ளத்தக்க செய்தி. 32 ஜி.பி. வரையுள்ள கார்டு எஸ்.டி.எச்.சி.; அதற்குமேல் 2 டி.பி. வரை எஸ்.டி.எக்ஸ்.சி. இந்த எழுத்துகள் கார்டின் முகத்திலேயே இருக்கும். கூடவே யூ3, ஏ2 என்று வேறு குறிகளும் இருக்கும். அவை வேகத்தைச் சொல்பவை. மலையிலிருந்து கொழுந்து எவ்வளவு விரைவாக வந்தாலும் ஆலையின் வாசல் சிறிதானால் லொறிகள் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். கார்டு வேகம் குன்றியதானால் விளையாட்டுத் திறக்க நேரம் பிடிக்கும். வேறு கெடுதி இல்லை. 2025 ஜூன் 5ஆம் திகதி வெளிவந்த சுவிட்ச் 2 கருவி மட்டும் இதற்கு விலக்கு. உள்ளே 256 ஜி.பி. இடம் வைத்திருக்கிறார்கள், அதற்குமேல் வேண்டுமானால் மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் என்ற புதுவகைக் கார்டே ஏற்கும். பழைய கார்டிலிருந்து படங்களை எடுக்கலாம். விளையாட்டை வைக்க முடியாது. சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் கருவி எது என்று அறியாமல் கார்டு வாங்கிவிடாதீர்கள்.

64 ஜி.பி. என்று வாங்கிய கார்டு கருவியிலே 59 என்று காட்டுகிறதே, கடைக்காரன் ஏய்த்துவிட்டானா என்று ஒரு தம்பி நம்மிடம் கேட்டார். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்குமா! இங்கே கழிவு ஒன்றும் இல்லை. செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கருவி ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது. கொத்துக் கணக்கும் கிலோக் கணக்கும் போல.

ஏய்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. இப்பொழுது அந்த 9999ஐ நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 1 டி.பி. என்று அச்சிட்ட கார்டு, நியாயமான விலையிலே பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. கருவியில் போட்டால் கருவியும் 1 டி.பி. என்றே காட்டும். ஏனெனில் கார்டுக்குள் இருக்கும் சிறு கட்டுப்படுத்தியையே பொய் சொல்லும்படி மாற்றிவிட்டிருக்கிறார்கள். உண்மையில் உள்ளே இருப்பது 32ஓ 64ஓ தான். அந்த அளவு நிரம்பும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குமேல் எழுதுவது சில கார்டுகளில் காற்றிலே போகும். சிலவற்றில் பழையதன் மேலேயே விழுந்து அதனையும் கெடுக்கும். மேலோட்டமாகப் பார்த்து இதனைக் கண்டுபிடிக்க முடியாது. கார்டை முழுவதும் நிரப்பி, நிரப்பியதைத் திரும்பப் படித்து ஒப்பிட வேண்டும். அதற்கென எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் உண்டு. பெரிய கார்டானால் பல மணி நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும். ஒரு கார்டின் விலை, அதிகாலைப் பனியிலே மலையேறும் ஒரு தாய் எத்தனை நாள் பேர் போட்டுச் சேர்த்த காசு என்று கணக்கிட்டுப் பார்த்தால் அந்தச் சில மணி நேரம் பெரிதாகத் தோன்றாது.

இனி, முதலில் சொன்ன அந்த இழப்புக்கு வருவோம்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே காமன் கூத்துக்குப் பாட்டெடுத்துக் கொடுத்த ஒரு தாத்தா இருந்தார். ரதி மன்மதன் கதை முழுவதும், சிவபெருமான் நெற்றிக்கண்ணால் காமனை எரித்த பின் ரதி புலம்பும் புலம்பல் உட்பட, ஏடு இல்லாமல் அவர் வாயிலே இருந்தது. நம் மன்றத்துப் பிள்ளைகள் மாசி மாதத்து மூன்று இரவுகள் அங்கே தங்கி, அவர் பாடியதைக் கைத்தொலைபேசியிலே பிடித்தார்கள். எல்லாம் ஒரு 64 ஜி.பி. கார்டில் இருந்தது. பிரதி எடுக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். எடுப்பது யார் என்று எவரும் சொல்லவில்லை. சில மாதங்களில் தாத்தா காலமானார்.

அதன்பின் ஒரு விடுமுறை நாள். உறுப்பினர் ஒருவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கையடக்க விளையாட்டுக் கருவியொன்று மன்ற அறைக்கு வந்தது. இடம் போதவில்லை. மேசை இழுப்பறையிலே ஒரு கார்டு கிடந்தது. பெயர் எழுதாத கார்டு. ஒரு பையன் எடுத்துச் செருகினான். கார்டைத் தன் முறைக்கு மாற்றியமைக்கலாமா, மாற்றினால் உள்ளவை யாவும் அழியும் என்று கருவி ஆங்கிலத்திலே கேட்டது. பையன் ‘ஆம்’ என்பதை அழுத்தினான். பிறகு பெரிய விளையாட்டு ஒன்றையும் அதிலே இறக்கினான்.

அழித்தது மட்டும் என்றால் மீட்டிருக்கக்கூடும். சாதாரணமாக அழிக்கும்போது பல வேளைகளில் பெயர்ப்பட்டியல்தான் போகும். பொருள் சில காலம் அங்கேயே கிடக்கும். அதன்மேல் வேறொன்றை எழுதிவிட்டால் மீட்பு இல்லை. போட்டோரெக் என்ற மென்பொருளை வைத்து இரண்டு நாள் தேடினோம். கிடைத்தவை தாத்தா வெற்றிலை இடிக்கும் ஒரு படமும், தப்பு அடிக்கும் சிறு ஒலித்துண்டு ஒன்றும். பாட்டு ஒரு வரியும் இல்லை.

அந்தப் பையனை அன்று சிலர் கடுமையாகப் பேசினார்கள். விளையாட்டுக் கருவியே வேண்டாம், மன்ற அறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று பெரியோர் சிலர் சொன்னார்கள். நாம் அதற்கு உடன்படவில்லை. கார்டிலே பெயர் எழுதாதது யார்? இழுப்பறையிலே பூட்டாமல் போட்டது யார்? ஒரு பிரதி எடுக்க ஒரு மணி நேரம் ஒதுக்காதது யார்? மன்றம்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர்களோடு கலியாணப் படங்களும் பிறப்புப் பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. ஓரிடத்தில் மாத்திரம் இருப்பது இல்லாமற் போகும் என்பதை நம் மாவட்டத்தாருக்கு எவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை. தெரிந்திருந்தும் செய்யவில்லை.

இதிலே விளையாடும் தம்பிமாருக்கும் ஒரு செய்தி உண்டு. சுவிட்ச் கருவியில் கார்டு தொலைந்தால் விளையாட்டுத்தான் போகும். விலை கொடுத்து இறக்கியதை மறுபடியும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் எட்டிய இடம் கார்டில் இல்லை. அது கருவியின் உள்ளேயே இருக்கிறது. கார்டு பத்திரமாக இருக்கிறதென்று நம்பிக் கருவியைக் கைமாற்றினால், நூறு மணி நேரம் விளையாடியதும் கூடவே போய்விடும். திருப்பி வாங்கக் கூடியது எது, வாங்க முடியாதது எது என்று பிரித்தறிந்து, எது எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாத்தாவின் பாட்டும் இந்த இரண்டாம் வகையே.

இப்பொழுது மன்றத்தில் ஓர் ஒழுங்கு செய்திருக்கிறோம். விளையாட்டுக் கார்டுகளுக்குச் சிவப்புச் சிறு பெட்டி. ஒலிப்பதிவுக் கார்டுகளுக்கு வாசிகசாலை அலுமாரியின் மேல்தட்டு, பூட்டும் உண்டு. பதிவு ஒவ்வொன்றும் மூன்று இடத்தில்: கார்டிலே, மன்றக் கணினியிலே, பண்டாரவளையிலுள்ள உறுப்பினர் ஒருவர் வீட்டு வன்தட்டிலே. ஆயுத பூசையன்று கார்டுகளையும் எடுத்து வைத்துப் பூசை முடிந்தபின் ஒவ்வொன்றாகக் கணினியிலே போட்டுப் படித்துப் பார்ப்பது என்றும் தீர்மானித்திருக்கிறோம்.

காமன் கூத்துப் பாட்டைத் தாத்தாவின் மகளிடம் கேட்டோம். பாதி தெரியும் என்கிறார். ஹாலி-எலப் பக்கத்திலே இன்னொரு பெரியவருக்கு மீதி தெரியும் என்று கேள்வி. வரும் மாசியில் அவரிடம் போகிறோம். வர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

ஞாயிறுதோறும் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பின், புதுக்கார்டு வாங்கியவர்கள் மன்ற அறைக்குக் கொண்டுவந்தால் போலியா நல்லதா என்று சோதித்துக் கொடுப்போம். காசு வேண்டாம். சோதிப்பவர், அன்று ‘ஆம்’ என்பதை அழுத்திய அந்தத் தம்பிதான். இன்று இவ்வேலையில் அவரிலும் கவனமானவர் நம்மிடையே இல்லை.