பல்பை மாற்றும் முன்



தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டுபோகிறவர்கள், சின்னமுட்டத்தில் மீன் எடுக்கப் போகிறவர்கள் எல்லாம் விடியுமுன்னே பைக்கைக் கிளப்புகிறவர்கள். அவர்களுக்கு வழித்துணை ஹெட்லைட்தான். அது மங்கினால் உடனே புதுப் பல்பு வாங்கி மாட்டுகிறோம். நானும் அப்படி இரண்டு பல்பு மாற்றிய பிறகுதான், பழுது பல்பில் இல்லை, எர்த் வயரில் என்று தெரிந்துகொண்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. நம் கொட்டாரம் பக்கத்துக் காற்றில் கடலின் உப்பு கலந்திருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. இந்த உப்பும் ஈரமும் வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் புகுந்தால், பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். களிம்பு மின்சாரத்துக்குத் தடை. ஹாலோஜன் பல்புக்கு வரும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும்.

ஆகவே, விளக்கு காட்டும் அறிகுறியை முதலில் கவனியுங்கள்.

அடியோடு எரியவில்லையா? ஃபியூஸையும் பல்பின் இழையையும் பாருங்கள். டிம் எரிந்து பிரைட் எரியவில்லை என்றால், ஓர் இழை அறுந்திருக்கும். பல்பு நன்றாக இருந்தால் டிம்–பிரைட் ஸ்விட்சில் கோளாறு.

எப்போதும் மங்கலா? விளக்கு எரியும்போதே, பேட்டரி மைனஸிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்து பல்பு ஹோல்டரின் எர்த் முனையில் மட்டும் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் பழுது எர்த் இணைப்பில்தான். பழைய வண்டிகள் சிலவற்றில் மேக்னெட் காயிலிலிருந்து நேராக விளக்குக்கு மின்சாரம் போகும். அவற்றில் ஐடிலில் மங்கி, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் பிரகாசமாவது இயல்பு, பழுது அல்ல.

ஹேண்டிலைத் திருப்பும்போது விட்டுவிட்டு எரிகிறதா? வண்டியின் கழுத்துப் பகுதியில் வயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும். மேலுறை நன்றாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

பல்பு அடிக்கடி ஃபியூஸ் போகிறதா? எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கி, பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். 14, 14.5 வோல்ட் சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரை மாற்றவேண்டும்.

செய்யக்கூடாதவை இரண்டு. ஃபியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். வயரிங் முழுவதும் எரிந்துபோகும். 35 வாட் பல்பு இருக்கும் இடத்தில் 100 வாட் மாட்டாதீர்கள். மூன்று ஆம்பியர் போகும் வயரில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுத்தால் ஹோல்டர் உருகிவிடும். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த பைக்குகளில் ஹெட்லைட்டை அணைக்க ஸ்விட்சே கிடையாது. பகலெல்லாம் எரிவதால் ஹோல்டர் ஓயாமல் சூடாகிறது. அவற்றுக்கு இன்னும் கவனம் தேவை.

நேயர்களே, மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கப்ளர் முனைகளையும் எர்த் போல்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து, எர்த் போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். உங்கள் விளக்கை நம்பி நீங்கள் மட்டுமல்ல, இருட்டில் சாலையோரம் நடந்துவருகிறவரும் இருக்கிறார். அவருக்காகவும் அதைச் செய்யுங்கள்.