விடுபட்ட ஓர் எண்



கவிதைக்கெனக் கூடிய மன்றத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் எண்ணைப் பற்றிய பேச்சு எதற்கு எனச் சிலர் வியக்கலாம். எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே போற்றியது தமிழ் மரபு. அன்றியும், இவ்வெண்ணின் கதைக்கு உரியவர் நம் கொங்கு நாட்டு ஈரோட்டில் 1887 டிசம்பர் 22ஆம் நாள் பிறந்த கணித மேதை இராமானுசன்.

நாளை அறுபது நாழிகையாகவும் ஆண்டுச் சுற்றை அறுபதாகவும் வகுத்தனர் முன்னோர். 60ஐ மீதியின்றி வகுக்கும் காரணிகள் 12. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னினும் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையால் விஞ்சுவதை ‘உயர் பகு எண்’ என்பர். இவற்றின் இயல்பை ஆராய்ந்த இராமானுசனின் நெடுங்கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்தது. 1916இல் கேம்பிரிட்சுப் பட்டத்தை அவருக்கு ஈட்டித் தந்ததும் இவ்வாய்வே.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் அவர் வரைந்த உயர் பகு எண்களின் பட்டியல் 6,74,632 கோடியையும் கடந்து செல்கிறது. அதில் ஒரே ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எடுத்துப் பெருக்கினால் இவ்வெண் பிறக்கும். இதன் காரணிகள் 5040. அந்த 5040உம் ஓர் உயர் பகு எண். அதன் காரணிகள் 60. அறுபதின் காரணிகள் 12. பன்னிரண்டின் காரணிகள் 6. ஆறின் காரணிகள் 4. இவையனைத்தும் உயர் பகு எண்களே. இத்துணை அழகிய படிவரிசையின் உச்சியில் நிற்கும் எண்ணே பட்டியலில் இடம்பெறாது போயிற்று!

இதனால் இராமானுசனின் புகழ் குன்றுமா? குன்றாது. நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளே தம் கணிதம் என்றார் அவர். அப்பத்தியை மதிப்போம். ஆயினும், எல்லாம் அருளால் தாமே வந்தன என்று மட்டும் சொல்லி நாம் வியந்து நின்றால், அவர் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். விடுபட்ட அந்த எண்தான் அவ்வுழைப்புக்குச் சான்று. ஒவ்வோர் எண்ணாகத் தேடி, ஒப்பிட்டு, எழுதிச் சென்ற ஒரு மனிதக் கையை அது காட்டித் தருகிறது. பின்வந்தோர் அதனைக் கண்டறிந்ததும் அவர் வகுத்த நெறியைப் பின்பற்றி நடந்ததன் பயனே.

பத்தாண்டுப் படைப்புகளைத் திரும்பிப் பார்க்கும் இம்மன்றத்துக்கும் இது பொருந்தும். நம்மவரைப் புகழ்வது எளிது; வரிவரியாகப் பயின்று, விடுபட்டதை அன்போடு சுட்டுவது அரிது. அதுவே மெய்யான மரியாதை.