கண்ணின் நீளமும் தலையெழுத்தும்

(பெற்றோர்கள் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



கிட்டப்பார்வையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். நாம் வைத்தியப் பரீட்சை கொடுத்தவர்கள் அல்ல. எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர்கள். அப்படி முழுக்குப் போட நேர்ந்ததற்கும் நம் கண்ணுக்கும் சம்பந்தம் உண்டாதலால்தான் பேசச் சம்மதித்தோம்.

பள்ளியில் நமக்குக் கிடைத்த இடம் கடைசிப் பலகை. கரும்பலகையில் எழுதுவதெல்லாம் நமக்கு வெள்ளைப் புகையாகவே தெரியும். படி என்றால் விழிப்போம். உபாத்தியாயர் மண்டையில் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே அந்த மண்டையில் குட்டுவார். வீட்டிலோ பாட்டி மிளகாயைச் சுற்றிப்போட்டுக் கண்ணேறு கழித்தார். வெள்ளியில் கண்மலர் செய்து அம்மனுக்குச் சாத்தினார். அந்த வெள்ளியின் விலைக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கியிருக்கலாம் என்று சொல்ல ஒருவருமில்லை. பின்னால் அச்சாபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது, கூட வேலை செய்த தோழரின் கண்ணாடியை விளையாட்டாக மாட்டிப் பார்த்தோம். எதிரேயிருந்த வேப்பமரத்தில் இலைகள் தனித்தனியாக இருந்தன! அதுவரை தூரத்து மரம் என்றால் பச்சை மூட்டை என்றே எண்ணியிருந்தோம்.

நிற்க. கிட்டப்பார்வை என்பது என்ன? கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தை முன்புறத்திலுள்ள கருவிழியும் லென்ஸும் வளைத்துப் பின்சுவரிலுள்ள விழித்திரையில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். பின்சுவர் தள்ளிப் போய்விட்டால் உருவம் திரைக்கு முன்னாலேயே கூடிவிடும். திரையில் விழுவது கலங்கல்தான். சினிமாக் கொட்டகையில் இயந்திரத்தைத் தொடாமல் திரையை மட்டும் பின்னுக்கு இழுத்தால் என்ன ஆகுமோ அதுவே இது. கெப்ளர் என்னும் வானசாஸ்திரி 1604லேயே இதன் அடிப்படையை எழுதிவிட்டார். அவரும் நம்மைப்போல் கிட்டப்பார்வைக்காரரே. 1851ல் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பவர், உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் வெளிச்சத்தைச் செலுத்திப் பின்சுவரைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார்.

பார்த்தால் போதுமா? அளக்க வேண்டாமா? பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னுக்குச் சுமார் 17 மில்லிமீட்டர். வளர்ந்த மனிதனுக்கு 23½ அல்லது 24. அதற்குமேல் ஒரு மில்லிமீட்டர் கூடினால் கண்ணாடியின் எண் இரண்டரையிலிருந்து மூன்று வரை ஏறும். ஒரு மில்லிமீட்டர் என்பது நகத்தின் ஓரத்தில் வெட்டி எறிகிற அளவு! கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் வரும் நேரத்தைக்கொண்டு ஆழம் சொல்லுவதுபோல், 1950க்குப் பின் நுண்ணொலியைக் கண்ணுக்குள் அனுப்பி அதன் எதிரொலியைக்கொண்டு அளந்தார்கள். 1999க்குப் பின் கண்ணைத் தொடாமல் ஒளியாலேயே மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்குவரை அளக்கும் இயந்திரம் வழக்கத்துக்கு வந்தது. நம் கண்ணையும் அளந்தார்கள். 27 என்றார்கள். பாட்டி கழித்த கண்ணேறு எந்த மில்லிமீட்டரில் உட்கார்ந்திருந்தது என்று இயந்திரம் சொல்லவில்லை.

இனி, இந்த நீளத்தால் உள்ளே நடப்பதைக் கேளுங்கள். விழித்திரைக்குப் பின்னால் அதற்கு ஆகாரம் கொடுக்கும் இரத்தக்குழாய்ப் படலம் ஒன்றுண்டு, கோராய்டு என்பார்கள். சாதாரணக் கண்ணில் நடுப்பார்வை இடத்தில் அது சுமார் கால் மில்லிமீட்டர் இருக்கும். மிக நீண்ட கண்ணிலோ அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே மெலிந்துபோவதுண்டு. ஊதிய பலூனின் ரப்பர் மாதிரிதான். விழித்திரையும் இழுபட்டு ஓரங்களில் மெலிகிறது, சிலருக்குக் கிழிகிறது. ஆகவே கண்ணுக்குள் திடீரென்று மின்னல் வெட்டினாலும், கரும்புள்ளிகள் கொட்டினாலும், திரை இறங்கினதுபோல் ஒரு பக்கம் மறைத்தாலும் அன்றைக்கே வைத்தியரிடம் ஓடவேண்டும். நல்ல நாள் பார்க்கிற வேலையே கூடாது.

கண்ணாடி இந்த நீளத்தைக் குறைப்பதில்லை. லேசர் சிகிச்சையும் குறைப்பதில்லை. அது முன்புறக் கருவிழியைத்தான் செதுக்குகிறது. கண்ணாடியைக் கழற்றி எறிந்தவர் பின்சுவரும் சரியாகிவிட்டதென்று எண்ணிச் சோதனைக்குப் போகாமலிருப்பது மடமை. கண்ணை உருட்டும் பயிற்சி விற்கிறவர்களைக் கேட்கிறோம்: உருட்டி உருட்டி 27ஐ 24 ஆக்கின ஒரே ஒரு கண்ணைக் காட்டுவார்களா?

“எல்லாம் தலையெழுத்து” என்பார் ஒருவர். “பரம்பரை” என்பார் மற்றவர். பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கோழிக்குஞ்சின் கண்ணில் மங்கலான மூடியைப் பொருத்தினால் அந்தக் கண் நீண்டு வளர்கிறது. பாதியை மறைத்தால் அந்தப் பாதிக்கு நேரான பின்சுவர் மட்டும் நீளுகிறது. மூளைக்குப் போகும் நரம்பை அறுத்துவிட்டாலும் நீளுகிறது! ஜோஷ் வால்மன் முதலியவர்கள் அமெரிக்காவில் இதைக் கண்டார்கள். அதாவது, விழுகிற உருவத்தைக்கொண்டு பின்சுவர் தானே தன் வளர்ச்சியை நடத்துகிறது. எழுதினவன் யாருமில்லை.

சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் ஆறேழு வயதுக் குழந்தைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கச் செய்தார்கள். மூன்று வருஷத்தில் மற்றக் குழந்தைகளில் நூற்றுக்கு 39 பேருக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்தது. இவர்களில் 30 பேருக்குத்தான் வந்தது. 2015ல் இதை வெளியிட்டார்கள். முழு வெற்றி அல்ல. ஆனாலும் காசில்லாத மருந்தில் ஒன்பது குழந்தைகள் தப்பியது சாமானியமா?

நம் தங்கை மகளுக்கு ஒன்பது வயது. கரும்பலகை தெரியவில்லையென்று அவள் சொல்லியும், பெண்ணுக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று அவள் தகப்பனார் ஒரு வருஷம் தள்ளினார். அவரோடு வாய்ச்சண்டை போட்டே அழைத்துப் போனோம். கண் 24.1 என்று அளந்தார்கள். ஆறு மாதம் கழித்து 24.3. தையற்காரர் அளவுப் புஸ்தகம் மாதிரி தாயார் இதைக் குறித்து வைத்திருக்கிறாள். பெண் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாவது பலகையில் உட்காருகிறாள். பள்ளி விட்டதும் டியூஷன் என்றிருந்ததை நிறுத்திவிட்டு, வெயில் தாழும்வரை தெருவில் ஓட விடுகிறார்கள். அடுத்த அளவு தை மாதத்தில்.