தாய்மார் சொல் கேட்கும் தொண்டு

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பட்டம் பெற்ற நம் இளைஞர் சிலர், அயல்நாடு சென்று தாய்மார்க்குத் தொண்டாற்ற வாய்ப்பு வந்தால் எதைக் கற்றுக்கொண்டு போவது என்று எங்களைக் கேட்டனர். மருந்தும் துணியும் வழங்குவதைப் பற்றிச் சொல்லப் பலர் உளர். நாங்கள் சொல்ல வந்தது காது கொடுத்துக் கேட்பதைப் பற்றி.

ஆப்பிரிக்காவிலுள்ள சிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரே. அங்கே டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வந்த ஓர் இளம்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லை என்று அவளுடைய தாய் பின்னர் சொன்னார். ஏழைகள் மருத்துவரைத் தேடி வர இயலாதெனில், கேட்பவர் அவர்கள் தெருவிலேயே இருக்கவேண்டும் என்று அம்மருத்துவர் முடிவு செய்தார். 2006ஆம் ஆண்டு எம்பாரே என்னும் பகுதியில் 14 பாட்டிமாருடன் பணி தொடங்கிற்று. சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப்பலகை. அதில் பாட்டியும் துயருற்றவரும் அருகருகே அமர்வர். 'மனச்சோர்வு' என்ற மருத்துவச் சொல்லை அவர்கள் வற்புறுத்துவதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்பர். அளவு மீறி யோசித்தல் என்று பொருள். நம் தெருப் பெண்கள் 'ஒரே யோசனையா இருக்கு' என்பதும் அதுவே அன்றோ! முதலில் மனம் திறக்க இடம் தருவர். பிறகு பல தொல்லைகளுள் ஒன்றைத் தேர்ந்து அதற்கு வழிகாணத் துணைநிற்பர். 573 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் வெளியாயிற்று; வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட இம்முறையில் உதவி பெற்றோர்க்குத் துயரம் பெரிதும் குறைந்திருந்தது.

பேசினால் யாருக்கும் ஆறுதல்தானே, இதற்குப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். பாகிஸ்தானின் இராவல்பிண்டி சிற்றூர்களில் கருவுற்ற நிலையில் மனச்சோர்வுற்றிருந்த தாய்மாரின் இல்லங்களுக்குச் சுகாதாரப் பெண் பணியாளர்கள் சென்றனர். ஒரு பகுதியாருக்குக் கேட்கவும், தாயின் எண்ணங்களைத் திருத்திப் பார்க்கத் துணைசெய்யவும் பயிற்சி தரப்பட்டது. மறு பகுதியாருக்கு அப்பயிற்சி இல்லை. இரு சாராரும் சென்ற தடவைகள் சமம். குழந்தை பிறந்து ஆறு திங்கள் ஆனபோது, பயிற்சி பெற்றோர் சென்ற இடங்களில் 100க்கு 23 தாய்மாரே சோர்வுற்றிருந்தனர். மறு இடங்களில் 53 பேர். 2008இல் வெளிவந்த கணக்கு இது.

இரு நாடுகளிலும் கேட்டவர்கள் அவ்வூர்ப் பெண்களே என்பதைக் கவனியுங்கள். மூன்று வாரம் தங்கப் போகிறவர் ஒரு தாயின் புண்ணைத் திறந்துவிட்டு விமானம் ஏறலாகாது. அங்கே நிலைத்திருக்கும் பெண்ணுக்குத் துணையாக அமர்வதே அவர் செய்யத்தக்கது.

நம் வேடசந்தூருக்கு வருவோம். புகையிலைக் காட்டில் உழைத்த பாட்டிமாரின் பேத்திகள் இன்று நூற்பாலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் வண்டி ஏறுகின்றனர். 2021 சனவரியில் நம் வட்டார ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். பணியிடத்தில் தொல்லை இருந்ததை அவர் முன்னரே சொல்லியிருந்ததாகக் குடும்பத்தார் தெரிவித்தனர். சொல்ல அவருக்கு வாய் இருந்தது. அச்சொல்லைக் கேட்டுத் தடுக்க வலிமையுள்ள இடம் இல்லை.

அதன்பின் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கண்டது. ஆடை வாங்கும் அயல்நாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. தையல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்களே முறையீடு கேட்கப் பயிற்றுவிக்கப்பட்டனர். முதல் ஆண்டில் எழுந்த 185 முறையீடுகளில் 182 தீர்க்கப்பட்டதாக அறிக்கை கூறியது. கேட்டதோடு நின்றிருந்தால் இது நடந்திராது. கேட்டவர் கையில் உடன்படிக்கை இருந்தது. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பிரசவ உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கரும் தாயின் துயரைச் சட்டமாக்கவே முனைந்தார்.

ஆதலால் இளைஞர்களே, முதலில் நம் தெருவில் பழகுங்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பெண்கள் இருவர் செல்லட்டும். குழந்தையின் எடையைக் கேட்குமுன் தாய் உறங்கினாளா என்று கேளுங்கள். அவள் தரையில் இருந்தால் நீங்களும் தரையில் அமருங்கள். மாமியார் அருகிருக்கையில் அவள் சொல்லாததைத் துருவாதீர்கள். கேட்டதைக் குழாயடியில் பேசாதீர்கள். சாக நினைப்பதாகச் சொன்னால் தனியே விடாதீர்கள். 14416 என்னும் மனநல எண்ணை அழைத்து, மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். அடி உதை என்றால் 181.

ஆலைப் பெண்களுக்கு வார விடுமுறை நாளில்தான் ஓய்வு. அன்று பிற்பகல் கழகக் கட்டடத்தின் பின்தாழ்வாரத்தை ஆண்கள் நடமாட்டமின்றி அவர்களுக்கென ஒதுக்கவேண்டும் என்று செயற்குழுவை வேண்டுகிறோம். இரண்டு பாயும் குடிநீர்ப் பானையும் போதும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இளைஞர் அணி ஏற்கட்டும்.