ஆசை வற்றிப்போகும்போது



ஆதனக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போகிறவர்களுக்குச் சாலையோர முந்திரி வாசனை தெரியும். அங்கே கொட்டை வறுத்து உடைக்கும் தாய் ஒருவர், போன மாதம் தம் மகனை நம்மிடம் அழைத்து வந்தார். பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு. "சாமி, படிப்ப நிறுத்தப் போறேங்கிறான். நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். அந்தப் படிப்புக்காக வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

கணினியில் நமக்குத் தெரிந்தது திருமுழுக்குச் சான்றிதழைத் தட்டச்சு செய்வது மட்டும்தான். ஆனாலும் இந்தப் பையனை நமக்கு முன்பே தெரியும். பிளஸ் டூ படிக்கையில், அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியை வைத்துக்கொண்டு, பாடப்புத்தகத்தில் இருந்த பைத்தானைக் கொண்டு, அம்மாவின் கூலிக்கு ஒரு சின்ன நிரல் எழுதினான். எந்த நாள் எத்தனை கிலோ, கிலோவுக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு கழிந்தது; சனிக்கிழமை ஒரு பொத்தானை அழுத்தினால் மொத்தம் வந்து நிற்கும். கூலி தருகிறவரிடம் அந்தத் தாய் கணக்கோடு பேசியது அப்போதுதான். பூசை முடிந்ததும் ஓடிவந்து நமக்கும் காட்டினான். அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது என்னவாயிற்று? "பிடிக்கல ஃபாதர். முன்னாடி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்தாலும் நேரம் போறது தெரியாது. இப்ப கம்ப்யூட்டரத் தொறந்தாலே வயித்தக் கலக்குது" என்றான். ஆய்வகக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவது, விடையை மனப்பாடம் செய்வது, வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிக்காக ஆயிரம் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது. இதற்கு நடுவே, அவன் மூன்று நாள் முட்டி மோதியதைச் செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் எழுதித் தந்துவிட்டதாம். "அப்புறம் நான் எதுக்கு ஃபாதர்?"

புனித கார்லோ அக்குத்திஸைப் பார் என்று சொல்ல நாமும் வாயெடுத்தோம். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த அந்தச் சிறுவன் தானாகவே நிரல் எழுதக் கற்றவன், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் அமைத்தவன். ஆனால் சொல்லவில்லை. கார்லோ 2006-இல் பதினைந்து வயதில் இறந்தான். அரியர் தேர்வும் கல்விக் கடனும் அவனுடைய ஆசையைச் சோதிக்கவே இல்லை. புனிதர்களைப் பிள்ளைகளை அடிக்கும் பிரம்பாக்குவது நமக்குப் பழகிப்போன தவறு.

அதற்குப் பதிலாக நம் கதையைச் சொன்னோம். குருமடத்தில் இறையியல் படித்த நாட்களில், நற்செய்தி நமக்குத் தேர்வுத்தாள் ஆகிப்போனது. கிரேக்க வினைச்சொல்லைப் பிரித்துப் பிரித்து, எந்த வசனத்துக்காக வீட்டை விட்டு வந்தோமோ அந்த வசனமே மரத்துப்போனது. கிளம்பிவிடலாம் என்று பெட்டியைக் கூட எடுத்தோம். அப்போது ஆன்ம குரு நம் கையில் கொடுத்தது புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்'.

இஞ்ஞாசியார் 1521-இல் பாம்ப்லோனா கோட்டையில் குண்டடிபட்டுக் கால் ஒடிந்த படைவீரர். படுக்கையில் கிடந்தபோது தம் மனத்தின் ஏற்ற இறக்கங்களை உன்னிப்பாகக் கவனிக்கத் தொடங்கினார். வறட்சி வருவதற்கு மூன்று காரணங்கள் சொல்கிறார். ஒன்று நம் சோம்பல். இன்னொன்று, பரிசு கிடைக்காதபோதும் நாம் எவ்வளவு தூரம் நிற்போம் என்ற சோதனை. மூன்றாவது, அந்த ஆசை நாம் சம்பாதித்ததல்ல, கொடுக்கப்பட்டது என்று உணர்வதற்கு. இருளில் இருக்கும்போது, வெளிச்சத்தில் எடுத்த முடிவை மாற்றாதே என்கிறார். ஆனால் சும்மா கிடக்கவும் விடுவதில்லை. அந்த வறட்சியை எதிர்த்துக் கொஞ்சம் கூடுதலாகவே செய் என்கிறார். இது செபத்துக்குச் சொன்னது. பைத்தானுக்கும் பொருந்துமா என்று இறையியலார் நம்மோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

பிடிக்காமல் போனது பாவமல்ல என்பதையும் அவனிடம் சொன்னோம். பிழைப்பு ஒன்றாகவும் பிரியம் வேறாகவும் வாழ்ந்தவர்கள் உண்டு. நம் பக்கத்துக் கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த இஸ்லாமியச் சகோதரர் உமர்தம்பி பிழைப்புக்காகத் துபாயில் உழைத்தவர். ஒருங்குறித் தமிழுக்கு 'தேனீ' என்ற எழுத்துருவை உருவாக்கி, காசு வாங்காமல் எல்லாருக்கும் கொடுத்தார். அவரும் 2006-இல்தான் மறைந்தார். பையன் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லையாம்.

எழுந்து போகும்போது வாசலில் நின்ற தாயிடம், "அந்தப் பழைய கணக்கு இன்னும் ஓடுதாம்மா?" என்று கேட்டோம். மடிக்கணினி பழுதாகி ஒரு வருடமாகிறது, திரும்பவும் நோட்டுதான் என்றார். பையில் இருந்த நோட்டை எடுத்துக் காட்டினார். இப்போது முழுப்பருப்புக்கு ஒரு கூலி, உடைந்ததற்கு வேறு கூலியாம். பையன் வாங்கிப் பார்த்தான். இரண்டு பக்கம் புரட்டினான். "இது தப்பும்மா, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுருக்காங்க, ஒனக்கு நூத்தி அறுபது ரூபா கொறையுது" என்றான்.

நோட்டை அவனே வைத்துக்கொண்டு போனான். கல்லூரியைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. தேர்வு ஏப்ரலில். இன்றைய செபமாலையில் ஒரு பத்து மணியை அவனுக்காகச் சொல்லுங்கள்.