எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை: செய்வதற்கு முன்னும் பின்னும்



"வயித்தைச் சின்னனாக்கி விடுறதுதானே, அண்ணை? அதோட பிரச்சினை முடிஞ்சுதாமே?" என்று அண்மையில் ஒரு நேயர் தொலைபேசியில் கேட்டார். அவர் கேட்டது காஸ்ரிக் பைபாஸ் சத்திரசிகிச்சையைப் பற்றி. நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். வாசித்து அறிந்ததையே சொல்கிறேன். முடிவை உங்கள் வைத்தியரோடு பேசி எடுங்கள்.

முதலில், அது என்ன? இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ ஒரு முட்டையளவான சிறு பையைப் பிரித்துவிடுகிறார்கள். சிறுகுடலை வெட்டி, அதன் கீழ்ப்பகுதியை மேலே கொண்டுவந்து அந்தப் பையோடு பொருத்துகிறார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமற் போகிறது. கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைகிறது. குடலின் ஓமோன்கள் மாறுவதால் பசியும் குறைகிறது. நீரிழிவு உள்ள பலருக்கு, எடை இறங்க முன்னரே இரத்தத்தில் சீனி இறங்கத் தொடங்குகிறது.

பயன் உண்டா? 2004இல் நமது மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழக வைத்தியர் நிக்கொலஸ் கிறிஸ்ரூவும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடைகுறைப்புச் சத்திரசிகிச்சை செய்த 1,035 பேரை, கடும் பருமன் இருந்தும் அதைச் செய்யாத 5,746 பேரோடு ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டுக் காலத்தில் செய்தவர்களில் இறந்தோர் 0.68 சதவீதம், செய்யாதவர்களில் 6.17 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனால் இது குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வன்று. ஆகவே வித்தியாசம் முழுவதையும் சத்திரசிகிச்சையின் வரவில் எழுதிவிட முடியாது.

இனிச் செலவுப் பக்கம். உடனடி ஆபத்துகள்: பொருத்திய இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, காலில் உறையும் இரத்தம் நுரையீரலுக்குப் போவது. பிந்தி வருபவை: பித்தப்பைக் கல், பொருத்திய இடத்தில் புண், குடல் உள்ளே சிக்குதல். இனிப்புச் சாப்பிட்டதும் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றுவதும் உண்டு. மதுவும் விரைவாக ஏறும். சிலருக்கு எடை திரும்பவும் கூடும்.

எல்லாவற்றிலும் நீண்டது சத்துக்குறைவு. இரும்பு, பி12, கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றை உடல் முன்போல உறிஞ்சாது. ஆகவே குளிசையும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள்வரை வேண்டும். பெண்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டாவது கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்கிறார்கள். ஐபுபுரோபன் போன்ற நோ மருந்துகளும் புகைத்தலும் புண்ணை உண்டாக்கும்.

நமது வீடுகளுக்குச் சில வார்த்தைகள். முட்டையளவு இடத்தில் சோறு நிறைந்தால் புரதத்துக்கு இடமில்லை. பருப்பு, மீன், முட்டை, தயிர் முதலில், சோறு பிறகு. கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதங்களுக்கு முன் வைத்தியரைக் கேளுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தக் குளிசைகளின் அளவையும் அவரே மாற்றவேண்டும்.

கியூபெக்கில் தகுதியுள்ளோருக்கு அரச வைத்தியசாலைகளில் மருத்துவக் காப்புறுதியிலேயே செய்கிறார்கள், ஆனால் காத்திருக்கவேண்டும். பொறுமையிழந்து வெளிநாட்டிற் செய்பவர்களும் உண்டு. அப்படிப் போகிறவர்கள், திரும்பி வந்தபின் தம்மைப் பார்க்கப்போகும் வைத்தியர் யார் என்பதை விமானச்சீட்டு வாங்கமுன் உறுதிசெய்யட்டும். அறிக்கைகளையும் கையோடு கொண்டுவரட்டும்.

கடைசியாக ஒன்று. "சனம் என்ன சொல்லும்" என்று இதை மறைக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. விருந்து வீட்டில் "இன்னும் ரெண்டு அகப்பை போடுங்கோ" என்று வற்புறுத்துபவருக்கு அந்த விடயம் எப்படித் தெரியும்? ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டாருக்கும் குடும்ப வைத்தியருக்கும் கட்டாயம் சொல்லுங்கள். தொடர்ந்து வாந்தியோ கடும் வயிற்றுவலியோ வந்தால், பல ஆண்டுகள் கடந்திருந்தாலும், அவசரசிகிச்சைப் பிரிவுக்குப் போய் "எனக்குக் காஸ்ரிக் பைபாஸ் செய்திருக்கிறது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் உயிரைக் காப்பாற்றக்கூடும்.